தருமபுரி உழவர் சந்தை: எந்த மாசத்துல எதை வாங்குறது? தக்காளி, புளி, மாம்பழம் பத்தி சில கேள்விகள்

மாற்றலில் வந்தவர்

தருமபுரிக்குக் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. வீட்டில் நாலு பேர். காய்கறி, தானியம் எல்லாத்தையும் இனி உழவர் சந்தையிலயும் வாரச்சந்தையிலயும்தான் வாங்குறதுன்னு முடிவு. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சந்தைக்குள்ள போனா எல்லாக் கடையும் ஒரே மாதிரிதான் தெரியுது. விளைய வெச்சவர் யாரு, மண்டியில எடுத்து வந்து விக்கிறவர் யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? எத்தனை மணிக்குப் போனா சரி? தக்காளி மூணு கிலோ வாங்கினா நாலாம் நாளே பாதி கசிஞ்சு போகுது. வாங்குறதுல தப்பா, வைக்கிறதுல தப்பா? மாசி முடியப்போகுது, வருஷப் புளியை இப்பவே வாங்கிடணும்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. கொட்டையோட வாங்கலாமா, கொட்டை எடுத்ததா? அப்புறம் மாம்பழம். கிருஷ்ணகிரிக்கு இவ்வளவு பக்கத்துல இருந்துக்கிட்டு கார்பைடு கல்லு வெச்சுப் பழுத்ததை வாங்கித் தின்ன மனசு வரலை.

ஞாயிற்றுக்கிழமையும், வார நாள்ல ஒரு காலைப் பொழுதும்தான் கிடைக்கும்.

தொப்பூர் கணவாய்

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்றேன், மத்ததுக்கு இங்கே தகுந்த ஆட்கள் இருக்காங்க.

உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கின திட்டம். கடைக்கு வாடகை இல்லை, கமிஷன் இல்லை, தராசையும் சந்தையிலேயே கொடுத்துடுவாங்க. அதுக்குப் பதிலா விற்கிறவர் விவசாயி என்று அடையாள அட்டை வாங்கியிருக்கணும். அன்னன்னைக்குக் காலையில் விலையை நிர்ணயம் செய்து பலகையில் எழுதுவாங்க. கணக்கு என்னன்னா, மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூட, வெளிச் சில்லறை விலையைவிட 15 சதவீதம் குறைவு. உள்ளே நுழைஞ்சதும் கடையைப் பார்க்காதீங்க, பலகையைப் பாருங்க. அதில் எழுதியிருப்பதுதான் உச்ச விலை. அதுக்கு மேல ஒருத்தர் கேட்டாலோ, எடையில் சந்தேகம் வந்தாலோ வாக்குவாதம் வேண்டாம்; சந்தைக்குள்ளேயே நிர்வாக அலுவலர் அறை இருக்கும், அங்கே சொன்னா போதும்.

விளைவிச்சவரைக் கண்டுபிடிக்க அட்டையை வாங்கிப் பார்க்க வேண்டியதில்லை. கடையில் என்ன இருக்குன்னு எண்ணுங்க. சொந்தக் காட்டுக் காயைக் கொண்டு வர்றவரிடம் ரெண்டு, மூணு, மிஞ்சினா நாலு வகைதான் இருக்கும்: கத்திரி, வெண்டை, பக்கத்துல ஒரு கட்டு கறிவேப்பிலை, நாலு எலுமிச்சை. அளவும் ஒரே மாதிரி இருக்காது. பெரிசும் சிறிசும் கலந்து கிடக்கும், ஒன்றிரண்டில் புழு ஓட்டை இருக்கும். பன்னிரண்டு வகை காய் ஒரே அளவில் அடுக்கி, உருளையும் பூண்டும் பக்கத்துல குவிச்சிருந்தா, அது மண்டியிலிருந்து வந்த சரக்கு. அதுல குற்றம் ஒண்ணும் இல்லை, சமவெளியில் விளையாத காயை வேற எப்படி வாங்குறது? ஆனா "இன்னைக்குப் பறிச்சது" என்று சொன்னா நம்ப வேண்டாம், அவ்வளவுதான். முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், பீன்ஸ் எல்லாம் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வருவது. அது ஒரு நாள் பழசானாலும் கெடாது. கத்திரியும் வெண்டையும் அப்படி இல்லை.

வெண்டையின் நுனியை ஒடிச்சுப் பார்க்கிறது எல்லாருக்கும் தெரியும், ஆனா நாலு காயை ஒடிச்சுப் போட்டுட்டு வேற கடைக்குப் போறது நியாயம் இல்லை. காம்பைப் பாருங்க. அன்னைக்குப் பறிச்ச காயில் வெட்டுவாய் பச்சையா ஈரமா இருக்கும்; மறுநாள் சுருங்கிப் பழுப்பாயிடும். கத்திரிக்கும் இதே சோதனைதான். அதோட, கையில் எடுத்தா கனமில்லாம இருக்கிற கத்திரி பஞ்சு விழுந்தது. அழுத்தினா குழி அப்படியே நின்னா முத்தினது, விதை கறுத்திருக்கும்.

நேரம்: காலை ஆறரையிலிருந்து ஏழரைக்குள். கீரை வேணும்னா இன்னும் முன்னால. ஒன்பதரை பத்துக்கு மேல விலை இறங்கும், ஏன்னா மிச்சத்தை மூட்டை கட்டிக்கிட்டு பஸ் ஏற யாருக்கும் இஷ்டம் இல்லை. சுரைக்காய், பூசணி, பரங்கி, தேங்காய் மாதிரி தாங்குற சரக்கை அந்த நேரத்தில் வாங்கலாம். பத்து, இருபது ரூபாய் சில்லறையும், ரெண்டு துணிப்பையும், கீரைக்குத் தனியா ஒரு பையும் கொண்டு போங்க.

ராயக்கோட்டை ரோடு

தக்காளிக்கு வர்றேன். கெட்டுப்போறதுக்கு ரெண்டு பக்கமும் காரணம் இருக்கு.

முதல்ல ரகம். நாட்டுத் தக்காளி புளிப்பும் சாறும் அதிகம், தோல் மெலிசு. ரசத்துக்கும் கடைசலுக்கும் அதை அடிச்சுக்க ஆள் இல்லை. ஆனா பழமா வாங்கினா ரெண்டு மூணு நாள்தான் தாங்கும். ஹைபிரிட் தோல் தடிப்பு, லாரியில் போறதுக்குன்னே வந்த ரகம், வாரம் தாங்கும். மூணு கிலோவும் நாட்டுப் பழமா, ஒரே சிவப்பா வாங்கினா நாலாம் நாள் கசியத்தான் செய்யும். ஒரு கிலோ பழம், ஒரு கிலோ செங்காய், ஒரு கிலோ இப்பத்தான் நிறம் திரும்பின காய்னு பிரிச்சு வாங்குங்க. கடைக்காரர்கிட்ட "வாரம் வெச்சுக்கணும்ணா, கலந்து போடுங்க"ன்னா அவரே எடுத்துப் போடுவார்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது காம்பைச் சுத்தி. பச்சைக் காம்பு மூடியைத் தூக்கிப் பாருங்க. குண்டூசி குத்தின மாதிரி துளை இருந்தா அது ஊசிப்புழு வேலை. வெளியே பழம் நல்லா இருக்கும், உள்ளே ரெண்டே நாள்ல அழுகும். சமீப வருஷங்கள்ல இந்தப் பக்கத்துத் தோட்டங்கள்ல இது பெரிய தலைவலி. பழத்தோட அடியில கறுப்பா, காஞ்ச மாதிரி வட்டம் இருந்தா அது நோய்க்கிருமி இல்லை. தண்ணி ஒழுங்கா பாயாம சுண்ணாம்புச் சத்து பழத்துக்குப் போய்ச் சேராததால வர்றது. அந்த இடத்தை வெட்டிட்டுச் சமைக்கலாம், ஆனா வெச்சிருக்க முடியாது. காய்ஞ்சு கிடந்த காட்டுல திடீர்னு மழை பேஞ்சா பழம் வெடிக்கும். மழைக்கு அடுத்த ரெண்டு மூணு நாள் சந்தைக்கு வர்ற தக்காளியில் காம்பிலிருந்து கீழ்நோக்கிக் கீறல் இருக்கான்னு பார்த்து எடுங்க. கீறல் விட்ட பழம் அன்னைக்கே குழம்புக்கு.

வீட்டுக்கு வந்ததும் பையைக் கொட்டி அகலமான தட்டுல, காம்புப் பக்கம் கீழே இருக்கிற மாதிரி, ஒரே அடுக்கா வைங்க. கழுவாதீங்க, சமைக்கும்போது கழுவினா போதும். செங்காயை பிரிட்ஜுல வெச்சா பழுக்காது, குளிர்ல அடிபட்டு மாவு மாதிரி ஆகும். நல்லா பழுத்ததை மட்டும் உள்ளே வைக்கலாம். ஒண்ணு கசிஞ்சாலும் அன்னைக்கே எடுத்துடணும், அந்தச் சாறு பட்ட பழம் எல்லாம் போகும்.

விலை விழும்போது மொத்தமா வாங்கணும்னா பாலக்கோடு, ராயக்கோட்டை மண்டிதான். ஒரு கிரேட் (பிளாஸ்டிக் பெட்டி) 25 கிலோவை ஒட்டி வரும். நாலு பேர் வீட்டுக்கு அது தாங்காது, பக்கத்து வீட்டோட பங்கு போட்டுக்கோங்க, மிச்சத்தைத் தொக்கு பண்ணிடுங்க. மூணு கிலோ பழத்துக்கு கல்லுப்பு 150 கிராம், புளி 150 கிராம், மிளகாய்த்தூள் 120 கிராம், நல்லெண்ணெய் 300 மில்லி, வறுத்துப் பொடிச்ச வெந்தயம் ரெண்டு டீஸ்பூன். எண்ணெய் மேலே பிரிஞ்சு, கரண்டியால இழுத்தா சட்டியில தடம் நிக்கிற வரைக்கும் சுண்டணும். அவசரப்பட்டு இறக்கினா பத்தே நாள்ல பூஞ்சை பிடிக்கும். மேல ஒரு விரல்கட்டை எண்ணெய் நிக்கணும், கரண்டி காஞ்சதா இருக்கணும்.

களியும் கீரையும்

கீரைக்கு யாரும் வரலையே கண்ணு, நான் சொல்றேன்.

இப்ப வெயில் காலத்துல கிணத்துப் பாசனக் கீரைதான் வரும், அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை. இதெல்லாம் வருஷம் பூரா கிடைக்கும். இந்த ஊருக்குன்னு இருக்கிற கீரை ஆடியில விதைச்சு மழை பேஞ்சப்புறம் கேழ்வரகுக் காட்டுலயும் கடலைக் காட்டுலயும் தானா முளைக்கிறது: பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமிட்டிக்கீரை. ஆவணி, புரட்டாசியில களை எடுக்கிற பெண்கள் கலவையா கட்டிக் கொண்டாருவாங்க. அதைக் கடைஞ்சு களிக்கு ஊத்திச் சாப்பிடணும். பண்ணைக்கீரையில பூ வந்துட்டா வாங்காதே, நார் விழுந்திருக்கும்.

கட்டைப் பிரிக்காம வாங்கலாம், ஆனா கட்டின இடத்துல மூக்கை வெச்சுப் பாரு. முதல் நாள் சாயங்காலம் கட்டித் தண்ணி தெளிச்சு வெச்சதுன்னா அங்கேதான் முதல்ல புளிச்ச வாடை அடிக்கும். வீட்டுக்கு வந்ததும் கயித்தை அவுத்து, வேரை நறுக்கி, காஞ்ச துணியில சுத்தி வை.

முருங்கைக்காய்க்கு இப்பத்தான் காலம். ரெண்டு முனையையும் பிடிச்சு லேசா முறுக்கு, வளைஞ்சு கொடுத்தா இளசு. விதை புடைச்சு வெளியே தெரிஞ்சா சக்கைதான் மிஞ்சும். மாசு மருவில்லாத பச்சையா இருக்கணும்னு தேடாதே.

மார்கழி, தையில மறக்காம அவரை வாங்கு. கொட்டை பிடிச்ச அவரையைத் தோலோட ஒரு கிலோ வாங்கினா உரிச்ச கொட்டை அரைக்கிலோ கூட தேறாது, அதனால அளவைப் பார்த்து வாங்கு. ராத்திரி ஊற வெச்சு, காலையில ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சு அமுக்கினா தோலை விட்டுப் பருப்பு வெளியே வரும். பிதுக்கம் பருப்புன்னு அதைத்தான் சொல்றது. பச்சைக் கொட்டையில மட்டும்தான் அந்த ருசி. காஞ்ச கொட்டையை ஊற வெச்சுப் பிதுக்கியும் குழம்பு வைக்கலாம், ஆனா ருசி வேற.

சந்தூர் மாந்தோப்பு

மாம்பழத்துக்கு இன்னும் நாள் இருக்கு, அவசரப்படாதீங்க. கடைத்தெருவில் பங்குனியிலேயே மஞ்சள் மஞ்சளா அடுக்கி வெச்சிருந்தா அதைத் தொடாதீங்க. நம்ம மாவட்டத்தில் வர்ற வரிசை இதுதான்: முதல்ல செந்தூரா, ஏப்ரல் கடைசியில் தலைகாட்டும். மே மாசத்தில் பங்கனப்பள்ளி, அல்போன்சா. ஜூனில் மல்கோவா, மல்லிகா. அதோட சேர்ந்து பெங்களூரா வந்து ஜூலை வரைக்கும் ஓடும். கடைசியா நீலம். பெங்களூராவில் பெரும்பங்கு மாங்கூழ் ஆலைக்குப் போயிடும், ஆனா காயா உப்பு மிளகாய்த்தூள் தொட்டுத் தின்ன அதுக்கு இணை இல்லை.

கல்லைப் பத்தி பயம்னா ஒரே வழி, பழமா வாங்காதீங்க, முத்தின காயா வாங்கி வீட்டில் பழுக்க வைங்க. முத்தினதா என்று பார்க்க: காம்பு இருக்கிற இடம் குழிவா உள்ளே போய், ரெண்டு பக்கத் தோளும் மேலே எழும்பி இருக்கணும். தோள் சரிஞ்சு காம்பு மேலே துருத்திக்கிட்டிருந்தா பிஞ்சு. அதை என்ன செய்தாலும் மஞ்சளாகும், இனிக்காது. பழுக்கும்போது இனிப்பா மாறுறது காய்க்குள்ள சேர்ந்திருக்கிற மாவுச்சத்துதான், பிஞ்சில் அது போதுமான அளவு இருக்காது. இன்னொரு சோதனை, தண்ணியில் போட்டா முத்தின காய் மூழ்கும், பிஞ்சு மிதக்கும்.

பழுக்க வைக்கிறது: பால் வடிஞ்சிருந்தா ஈரத்துணியால் துடைச்சு நிழலில் உலர விடுங்க. அட்டைப்பெட்டியில் வைக்கோல், மேலே காய் ஒரு அடுக்கு, மறுபடியும் வைக்கோல், இன்னொரு அடுக்கு, அதோட நிறுத்துங்க. மூணாவது அடுக்கு போட்டா கீழே சூடேறி வெந்துடும். அஞ்சாறு நாளில் வாசனை வரும். மூணாம் நாளிலிருந்து தினம் திறந்து பார்த்து, தயாரானதையும் அழுகல் புள்ளி விழுந்ததையும் எடுத்துடணும். பழுக்கிறதுக்கு முன்னால பிரிட்ஜ் கூடவே கூடாது.

கல் வெச்சது எப்படித் தெரியும்? பழம் முழுக்க ஒரே மஞ்சள், ஆனா அழுத்தினா கல்லு மாதிரி. காம்பு முனையில் முகர்ந்தா வாசனை இல்லை. அறுத்தா கொட்டையைச் சுத்தி வெளுப்பும் புளிப்பும். கால்சியம் கார்பைடு வெச்சுப் பழுக்க வைக்கிறது 2011 உணவுப் பாதுகாப்பு விதிகளில் தடை செய்யப்பட்டது. அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கும் என்பதுதான் காரணம். எத்திலீன் வாயு அறையில் வெச்சுப் பழுக்க வைக்கிறது அனுமதிக்கப்பட்ட முறை, பழம் தானே சுரக்கிற வாயுதான் அது. ரெண்டையும் போட்டுக் குழப்பி எல்லாரையும் சந்தேகப்படுறது இங்கே வழக்கமாயிடுச்சு.

ஜூன் மழைக்கு அப்புறம் ரெண்டு விஷயம் கவனிங்க. தோலில் சின்னச் சின்ன குத்துப் புள்ளி, சுத்தி மெத்துன்னு இருந்தா பழ ஈ முட்டை வெச்சிருக்கு. நீலத்தில் கொட்டைக்குள்ள வண்டு இருக்கும், வெளியே ஓட்டையே தெரியாது. சதை பெரும்பாலும் கெட்டிருக்காது, அறுத்துப் பார்த்து சாப்பிடுங்க. முழுசா கடிக்கிற பழக்கம் இருந்தா அந்த ஒரு ரகத்துக்கு மட்டும் விட்டுடுங்க.

தொப்பூர் கணவாய்

@சந்தூர் மாந்தோப்பு, தண்ணீர் சோதனையைப் பெட்டி முழுக்கச் செய்யச் சொல்லாதீங்க. ஈரம் காம்பில் நின்றால் அங்கிருந்துதான் அழுகல் தொடங்கும். அதோட, எல்லா ரகமும் ஒரே மாதிரி மூழ்காது. மாதிரிக்கு ரெண்டு காயைப் போட்டுப் பார்த்தா போதும். தோள் பார்த்து வாங்கத் தெரிஞ்சவருக்கு வாளியே வேண்டாம்.

மாற்றலில் வந்தவர்

எல்லாருக்கும் நன்றி. அக்கா, பிதுக்கம் பருப்பு குறிச்சு வெச்சிருக்கேன். புளிக்கும் கேழ்வரகுக்கும் யாராவது சொன்னா நல்லா இருக்கும். உழவர் சந்தையில பேரம் பேசலாமா என்பதும் தெரியலை.

பழையபேட்டை

புளிக்கு இதுதான் காலம், மாசி பங்குனி. சித்திரை தாண்டினா குடோன் சரக்கு. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் புளி வியாபாரம் பரம்பரையா நடக்குது. பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம் பக்கமிருந்து வாரச்சந்தைகளுக்கும் வரும்.

கொட்டையோடா, எடுத்ததா என்பதை வாயால பேச வேண்டாம், கணக்குப் போடுங்க. மரத்திலிருந்து உதிர்த்த பழத்தில் சதை 55 பங்கு, கொட்டை 34, ஓடும் நாரும் 11. ஓடு நீக்கிய கொட்டைப்புளி பத்துக் கிலோ வாங்கினா கையில் நிற்கிறது ஆறு கிலோ. அதனால கொட்டைப்புளி விலையை 0.6 ஆல் வகுத்துப் பாருங்க. உதாரணத்துக்கு கிலோ 60 ரூபாய்னா, எடுத்த புளிக்கு அது 100 ரூபாய்க்குச் சமம். எடுத்த புளி அதுக்கு மேல எவ்வளவு கேட்கிறாங்களோ அது தட்டுற கூலி. கூலி நியாயமா இருந்தா எடுத்ததையே வாங்கிடுங்க. நாலு பேர் வீட்டுக்கு மாசம் ஒரு கிலோ வெச்சா வருஷத்துக்கு எடுத்த புளி 12 கிலோ, கொட்டையோட 20 கிலோ. இருபது கிலோவை உட்கார்ந்து தட்டுறது லேசான வேலை இல்லை.

கொட்டையோட வாங்கினாலும் அப்படியே வெச்சிடாதீங்க. கொட்டையைத் துளைக்கிற வண்டு உண்டு, ரெண்டு மாசத்தில் மாவா கொட்டும்.

வாங்கும்போது ஒரு பிடி எடுத்து இறுக்கி விடுங்க. நல்ல புளி மெதுவா பிரியும், கையில் பிசுபிசுப்பு மட்டும் இருக்கும். அப்படியே உருண்டையா நின்னு, உள்ளங்கை ஈரமாச்சுன்னா தண்ணி தெளிச்ச சரக்கு, எடைக்கும் நஷ்டம், வைக்கவும் ஆகாது. புதுப்புளி செம்பழுப்பா இருக்கும். "பழைய புளிதான் நல்லது" என்று கறுப்பை நீட்டினா, சிலருக்கு அது பிடிக்கும், ஆனா புதுசு விலைக்கு வாங்காதீங்க.

வீட்டில் ரெண்டு மூணு நாள் நல்ல வெயில். கிலோவுக்கு 50 கிராம் கல்லுப்பு கலந்து, காத்து இடைவெளி இல்லாம ஜாடியிலோ மண்பானையிலோ அமுக்கி அடைங்க. அலுமினியம், இரும்பு, எதுவும் ஆகாது. காத்தும் ஈரமும் பட்டாத்தான் கறுக்கும். வியாபாரிங்க குளிர்பதனக் கிடங்கில் வைக்கிறது அதுக்காகத்தான்.

கேழ்வரகு: மானாவாரி அறுவடை கார்த்திகை, மார்கழி. அதனால தை, மாசியில் வாங்கினா புதுசு. ஒரே கேள்வி கேளுங்க, "களத்துல அடிச்சதா, ரோட்டுல போட்டதா?" தார் ரோட்டில் வண்டி ஏற விட்டு எடுத்த தானியத்தில் பொடிக்கல் இருக்கும், முறத்தில் புடைச்சா போகாது, தண்ணியில் அரிச்சாத்தான் போகும். அரிச்சு, வெயிலில் முறுகக் காய வெச்சு, அப்புறம் மில்லுக்கு. தினம் ஒரு வேளை களின்னா ஆளுக்கு 100 கிராம் மாவு, மாசம் 12 கிலோ. அந்த அளவுக்கு மட்டும் அரைங்க. தவிடும் முளையும் சேர்ந்து அரைபடுறதால மாவு ரெண்டு மாசத்தில் சிக்கு வாடை பிடிக்கும். தானியமா இருந்தா வேப்பிலை போட்டு வருஷம் வைக்கலாம்.

ராயக்கோட்டை ரோடு

பேரம்: காலையில் பேசாதீங்க. விலையே பலகையில் இருக்கு, அதுலயும் ரெண்டு ரூபாய் குறைக்கச் சொல்றது அநியாயம். கூட ரெண்டு மிளகாய், ஒரு கொத்து கறிவேப்பிலை கேட்டா சந்தோஷமா தருவாங்க. பத்து மணிக்கு மேல, மிச்சம் மொத்தத்தையும் எடுத்துக்கிறேன்னா தாராளமா பேசலாம்.

வாரச்சந்தையில் கதை வேற. அங்கே கூறு போட்டு விப்பாங்க. மேலே பளபளன்னு நாலு இருக்கும், அடியைப் புரட்டிப் பாருங்க, புரட்ட விடலைன்னா அடுத்த கூறு. கிலோ கணக்கில் எவ்வளவு வரும்னு மனசுக்குள்ள ஒரு மதிப்பு போட்டுட்டுக் கேளுங்க.

ஞாயிற்றுக்கிழமைன்னா போச்சம்பள்ளி. ஆடு, கோழி, தானியம், புளி, காய், கயிறு, கூடை எல்லாம் ஒரே இடத்தில். வெயிலுக்கு முன்னால போயிட்டு வந்துடணும். செவ்வாய்க்கிழமை காரிமங்கலம், நல்லம்பள்ளி ரெண்டும் உங்களுக்குப் பக்கம், தேங்காய்க்குக் காரிமங்கலம்.

பழையபேட்டை

போச்சம்பள்ளிக்குப் புளி வாங்கப் போனா சாக்கை வீட்டிலிருந்தே எடுத்துட்டுப் போங்க. அங்கே கொடுக்கிற சாக்கு ஈரமா இருந்தா எடையும் ஏறும், புளியும் வரும் வழியிலேயே வேர்த்துடும். காலிச் சாக்கைத் தனியா நிறுத்துக் கழிச்சுக்கச் சொல்லுங்க, கேட்டா கழிப்பாங்க.